பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடம்: அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் அறிய வேண்டியவை

அன்பிற்குரிய பெற்றோர்களே, இளையோர்களே, ஊரிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாத்தா பாட்டிமார்களே,

இந்தப் பேச்சை முன்வரிசையிலிருந்தே தொடங்குவது பொருத்தமாக இருக்கும். தமிழ்நாட்டில் 1978-ஆம் ஆண்டு வரை, பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய மாணவர்கள் அடுத்து பி.யு.சி. என்று அழைக்கப்பட்ட புகுமுக வகுப்பில் சேர்ந்தார்கள். அந்த வகுப்பு பள்ளியில் நடைபெறவில்லை, கல்லூரியில் நடைபெற்றது. ஊர்ப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பதினாறு வயதுப் பிள்ளை, பெட்டியும் படுக்கையுமாகப் பேருந்து ஏறி நகரத்துக் கல்லூரியில் சேர்ந்து, ஆங்கிலத்தில் நடந்த விரிவுரையைப் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் குறிப்பெடுத்தது. 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்த பிறகுதான் அந்த ஓராண்டு பள்ளிக்கூடத்துக்குள் வந்து, இன்று அனைவரும் அறிந்த பிளஸ் டூ ஆயிற்று. ஆகவே, 'பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் கல்லூரியில் என்ன வேலை?' என்று இன்று கேட்கும் தந்தையின் தந்தையே, பதினாறு வயதில் கல்லூரி வாசலை மிதித்தவராக இருக்கக்கூடும். இன்று மாலை வீட்டுக்குப் போனதும் பேரப்பிள்ளைகள் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் இப்போது அதே வயதுப் பிள்ளைகளுக்கு வேறொரு வடிவில் இந்த வாய்ப்பு திறந்திருக்கிறது. உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டே கல்லூரிப் பாடத்தையும் எடுத்துத் தேறினால், அது பள்ளிக் கணக்கிலும் கல்லூரிக் கணக்கிலும் ஒருசேர ஏறுகிறது. இதற்கு டூயல் என்ரோல்மென்ட் என்று பெயர். தமிழில் இரட்டைச் சேர்க்கை எனலாம். மினசோட்டா மாநிலம் 1985-இல் இதற்கென ஒரு சட்டம் இயற்றி, பள்ளி மாணவர்கள் அரசுச் செலவில் கல்லூரிக்குச் சென்று படிக்க வழி செய்தது. வாஷிங்டன் மாநிலம் 1990-இல் இயற்றிய சட்டத்தின் வழியே ரன்னிங் ஸ்டார்ட் என்னும் திட்டம் பிறந்தது. பிறகு மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்தொடர்ந்தன. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் இயங்கும் சமூகக் கல்லூரி ஆய்வு மையத்தின் கணக்குப்படி, 2022-23 கல்வியாண்டில் ஏறத்தாழ 25 லட்சம் பள்ளி மாணவர்கள் குறைந்தது ஒரு கல்லூரிப் பாடமேனும் எடுத்திருக்கிறார்கள். இத்தனை பெரிய எண்ணிக்கை இருந்தும், தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இத்திட்டத்தைப் பற்றிய பேச்சே எழுவதில்லை. ஏ.பி. பாடங்களைப் பற்றி ஒன்பதாம் வகுப்பிலேயே கவலைப்படத் தொடங்கும் பெற்றோர், வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில் உள்ள சமூகக் கல்லூரியின் வாசலைக் கூடப் பார்த்ததில்லை என்பது விந்தையான உண்மை.

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் என்ன? கம்யூனிட்டி காலேஜ் என்றாலே, வேறெங்கும் இடம் கிடைக்காதவர்கள் போகுமிடம் என்ற எண்ணம் தமிழர்களிடையே வேரூன்றிவிட்டது. விருந்துகளில் பிள்ளையின் படிப்பைப் பற்றி விசாரிக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லக் கூசுகிறவர்கள் உண்டு. இது நியாயமற்ற கூச்சம். தமிழ்நாட்டில் பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர்கள் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்வதை எல்லோரும் அறிவார்கள். அப்படிச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பணிமனைப் பாடங்களில் மற்றவர்களை விஞ்சி நின்றார்கள் என்பதைப் பொறியியல் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சமூகக் கல்லூரியும் அத்தகையதொரு பக்கவாயில்தான். உள்ளே நுழைந்தபின் கூடம் ஒன்றே.

திட்டம் செயல்படும் விதத்தைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம். மூன்று வகைகள் உள்ளன. மாணவர் கல்லூரி வளாகத்துக்கே சென்று, பதினெட்டு வயதினரோடும் நாற்பது வயதினரோடும் சேர்ந்தமர்ந்து படிப்பது ஒன்று. உயர்நிலைப் பள்ளியிலேயே, கல்லூரியின் ஒப்புதல் பெற்ற ஆசிரியர், கல்லூரியின் பாடத்திட்டப்படி நடத்துவது இரண்டாவது. இணையவழியில் படிப்பது மூன்றாவது. இரண்டாவது வகையில் தரம் குறைந்துவிடுமோ என்ற ஐயம் எழுவது இயல்பு. அந்தத் தரத்தைச் சரிபார்த்துச் சான்றளிப்பதற்கென்றே நாசெப் என்னும் தேசிய அமைப்பு 1999 முதல் இயங்கி வருகிறது. பள்ளியில் நடக்கும் பாடத்துக்கு அந்தச் சான்று உண்டா என்று பெற்றோர் தாராளமாகக் கேட்கலாம். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வாஷிங்டன் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். சியாட்டில், பெல்வியூ, பாத்தல் பகுதிகளில் தமிழர் மிகுதி என்பதால் இந்த எடுத்துக்காட்டு பலருக்கும் உதவும். அங்கே பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் ரன்னிங் ஸ்டார்ட் வழியே சமூகக் கல்லூரிகளிலும் தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் படிக்கலாம். கல்விக் கட்டணம் இல்லை. பாடநூல், சில சிறு கட்டணங்கள், போக்குவரத்து ஆகியவை குடும்பத்தின் பொறுப்பு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சலுகைகள் உண்டு. அங்குள்ள சமூகக் கல்லூரிகள் ஆண்டைக் காலாண்டுகளாகப் பிரிக்கின்றன. ஐந்து கிரெடிட் உள்ள ஒரு காலாண்டுப் பாடம், பள்ளிக் கணக்கில் ஓராண்டு முழுவதும் படித்த பாடத்துக்கு ஈடாகிறது. அதாவது பள்ளியில் செப்டம்பர் முதல் ஜூன் வரை செல்லும் பாடம், கல்லூரியில் சுமார் பதினோரு வாரங்களில் முடிந்துவிடுகிறது. கேட்பதற்கு இனிப்பாக இருக்கும். அந்தப் பதினோரு வாரங்களில் மூன்றாம் வாரமே முதல் தேர்வு வந்து நிற்கும் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். 90 காலாண்டுக் கிரெடிட்டுகள் சேர்த்தால் அசோசியேட் பட்டம். அதே ஜூன் மாதத்தில் பள்ளிச் சான்றிதழையும் அந்தப் பட்டத்தையும் சேர்த்து வாங்கும் மாணவர்கள் அங்கே இருக்கிறார்கள். பள்ளி வளாகத்திலேயே நடத்தப்படும் கல்லூரிப் பாடங்களுக்கு மாணவர் செலுத்திவந்த கட்டணத்தையும், அரசுக் கல்லூரிகளைப் பொறுத்தவரை, 2023-இல் அந்த மாநிலம் சட்டம் இயற்றி நீக்கிவிட்டது.

மற்ற மாநிலங்களில் விதிகள் வேறு. புளோரிடாவில் இரட்டைச் சேர்க்கை மாணவர்களுக்குப் பதிவுக் கட்டணம், கல்விக் கட்டணம், ஆய்வகக் கட்டணம் மூன்றும் இல்லை. ஆனால் பள்ளியில் 3.0 ஜி.பி.ஏ. இருக்க வேண்டும். ஒஹாயோவில் காலேஜ் கிரெடிட் பிளஸ் திட்டத்தில் ஏழாம் வகுப்பிலிருந்தே தகுதி தொடங்குகிறது. ஏழாம் வகுப்பு என்றதும் சில பெற்றோரின் கண்கள் ஒளிர்வது தெரிகிறது; சற்றுப் பொறுத்திருங்கள். ஜார்ஜியாவில் 2020-இல் இயற்றப்பட்ட சட்டம், அரசு செலவேற்கும் அளவை 30 கிரெடிட் மணி என வரையறுத்துவிட்டது. கலிபோர்னியாவில் சமூகக் கல்லூரியின் கட்டணம் ஓர் அலகுக்கு 46 டாலர். பகுதிநேரமாக ஒரு பருவத்தில் 11 அலகுகள் வரை எடுக்கும் பள்ளி மாணவர்களுக்கு அதுவும் பெரும்பாலும் தள்ளுபடியாகிறது. டெக்சாஸில் 2023-இல் கொண்டுவரப்பட்ட சட்டத்தின் மூலம், வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள், திட்டத்தில் பங்கேற்கும் கல்லூரிகளில் இலவசமாகப் படிக்க வழி பிறந்தது. வேறு சில மாநிலங்களில் ஒவ்வொரு கல்லூரியும் தன் விருப்பப்படி தள்ளுபடி தருகிறது. நண்பர் வாட்சப்பில் அனுப்பிய செய்தி அவருடைய மாநிலத்துக்கு உரியது என்பதை மறந்துவிடலாகாது.

இதனால் விளையும் பயன்கள் யாவை? பணம் மிச்சம் என்பதுதான் பலரும் முதலில் சொல்வது. பொய்யன்று. இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 செமஸ்டர் கிரெடிட்டுகள் தேவை. 30 கிரெடிட்டுகளைப் பள்ளியிலேயே முடித்துக்கொண்டால், கணக்குப்படி ஓராண்டுச் செலவு குறைய வேண்டும். கணக்குப்படி என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம் பின்னால் வரும்.

பணத்தைவிடப் பெரிய பயன், பிள்ளை கல்லூரியின் நடைமுறையைப் பழகிக்கொள்வது. அமெரிக்கப் பள்ளியில் ஆசிரியர் நினைவூட்டுவார். வீட்டுப்பாடம் வரவில்லை என்று பெற்றோருக்கு மின்னஞ்சல் வரும். கைப்பேசிச் செயலியில் மதிப்பெண் அன்றாடம் தெரியும். கல்லூரியில் இவற்றில் எதுவும் இல்லை. முதல் நாளில் பேராசிரியர் ஒரு சிலபஸ் தருவார். பருவம் முழுவதற்குமான தேதிகள், மதிப்பெண் பங்கீடு, தாமத விதிகள் எல்லாம் அதில் இருக்கும். அதைப் படிக்காதவருக்காக யாரும் இரங்க மாட்டார்கள். ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு, இரண்டு மணி நேரம் வெளியே உழைப்பு என்பது பொதுவான எதிர்பார்ப்பு. மூன்று கிரெடிட் பாடம் என்றால் வாரத்துக்கு ஒன்பது மணி நேரம். பேராசிரியரின் அலுவல் நேரத்தில் கதவைத் தட்டி, 'எனக்கு இது புரியவில்லை' என்று சொல்லக் கற்றுக்கொள்வது இன்னொன்று. தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு இதுதான் மிகக் கடினம். பெரியவர்களிடம் எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள், புரியாததைக் கேட்பதும் மரியாதைக் குறைவு என்று எண்ணி வாய்மூடி இருந்துவிடுகிறார்கள். வீட்டை விட்டுத் தொலைதூரம் சென்று பதினெட்டு வயதில் முதன்முறையாக இந்தத் தடையைச் சந்திப்பதைவிட, இரவு வீட்டுக்கு வந்து அம்மா கையால் தோசை சாப்பிடும் காலத்திலேயே சந்தித்துவிடுவது நல்லது.

ஆய்வுகளும் இதற்கு ஆதரவாகவே உள்ளன. அமெரிக்கக் கல்வித் துறையின் கீழ் இயங்கிய வாட் வொர்க்ஸ் கிளியரிங்ஹவுஸ் 2017-இல் வெளியிட்ட அறிக்கை, இரட்டைச் சேர்க்கைத் திட்டங்கள் பள்ளிப்படிப்பை முடிப்பதிலும் கல்லூரியில் சேர்வதிலும் பட்டம் பெறுவதிலும் நல்விளைவு தருகின்றன என்று கண்டது. 2015 இலையுதிர் காலத்தில் கல்லூரிப் பாடம் எடுத்த பள்ளி மாணவர்களைப் பின்தொடர்ந்த மற்றோர் ஆய்வு, அவர்களில் 81 விழுக்காட்டினர் பள்ளி முடித்த முதலாண்டிலேயே கல்லூரியில் சேர்ந்ததாகக் கூறுகிறது. இதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஆர்வமும் திறமையும் உள்ள பிள்ளைகளே இப்பாடங்களை மிகுதியாக எடுக்கிறார்கள் என்பதால், இரண்டாவது எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பாடம்தான் அவர்களை உயர்த்தியது என்று முடிவு கட்டிவிட முடியாது. எந்தப் புள்ளிவிவரத்தையும் இப்படித் திருப்பிப் போட்டுப் பார்க்கப் பிள்ளைகளுக்கு ஒரு கல்லூரிப் புள்ளியியல் பாடம் கற்றுத் தரும்.

இனி, பெரும்பாலான கூட்டங்களில் பேசப்படாத பகுதி. கல்லூரிப் பாடத்தில் வாங்கும் மதிப்பெண் அழியாது. பள்ளி மாணவர் எடுத்தாலும் அது கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்டில் வாழ்நாள் முழுவதும் நிற்கும்.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். பதினொன்றாம் வகுப்பு மாணவன். தந்தை கணினித் துறையில் பணியாற்றுபவர். அலுவலக நண்பரின் மகள் இரண்டு கல்லூரிப் பாடம் எடுக்கிறாள் என்று கேள்விப்பட்ட வாரமே, தன் மகனுக்கு மூன்று பாடங்களைத் தேர்ந்தெடுத்துப் பதிவும் செய்துவிடுகிறார். வேதியியல், உளவியல், அமெரிக்க வரலாறு. மகன் நல்ல மாணவன்தான், மறுத்துப் பேசவில்லை. பள்ளியில் ஏ.பி. பாடங்கள் வேறு இரண்டு, மாலையில் ராபாட்டிக்ஸ், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி. அக்டோபரில் வேதியியல் கழுத்தை நெரிக்கிறது. அபராதமின்றிப் பாடத்தை விடுவதற்கு ஒரு கடைசி நாள் இருந்தது. டபிள்யூ என்ற குறிப்போடு விலகுவதற்கு மற்றொரு நாள் இருந்தது. இரண்டும் சிலபஸிலும் கல்லூரி நாட்காட்டியிலும் அச்சாகியிருந்தன. தந்தை பதிவு செய்த கணக்கு என்பதால் கல்லூரி அனுப்பிய மின்னஞ்சல்கள் தந்தையின் பெட்டியில் விளம்பரங்களுக்கு நடுவே கிடந்தன. வீட்டில் சொல்ல மகனுக்கு அச்சம். டிசம்பரில் டி கிடைக்கிறது. ஆறு ஆண்டுகள் கழித்து அவன் மருத்துவம் படிக்க விரும்பி விண்ணப்பிக்கிறான். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸ், பள்ளிப் பருவத்தில் எடுத்தவை உட்பட எல்லாக் கல்லூரிப் பாடங்களையும் கேட்கிறது. அந்த மதிப்பெண்கள் ஜி.பி.ஏ. கணக்கிலும் சேர்கின்றன. பதினாறு வயதில், தான் தேர்ந்தெடுக்காத பாடத்தில், வாய் திறக்க அஞ்சிய ஒரு பருவத்தில் வாங்கிய டி அங்கே வந்து நிற்கிறது.

அதனால் அவன் வாழ்க்கை முடிந்துவிடாது. ஒரு டியோடு மருத்துவரானவர்கள் இருப்பார்கள். ஆனாலும் அந்த வீட்டில் தவறு எங்கே நேர்ந்தது? பாடம் கடினமாக இருந்ததில் இல்லை. மாணவன் தந்தையாக இருந்து, தேர்வு எழுதியவன் மட்டும் மகனாக இருந்ததில்தான் உள்ளது.

சட்டமும் இதே பக்கம் நிற்கிறது என்பது பல பெற்றோருக்கு வியப்பாக இருக்கும். 1974-இல் இயற்றப்பட்ட ஃபெர்பா என்னும் கூட்டரசுச் சட்டப்படி, பள்ளிப் பிள்ளையின் கல்விப் பதிவுகள் மீதான உரிமை பெற்றோருக்கு உரியது. அந்தப் பிள்ளை கல்லூரியில் சேர்ந்த கணமே, வயது பதினாறே ஆனாலும், கல்லூரிப் பதிவுகள் மீதான உரிமை பிள்ளைக்கு மாறிவிடுகிறது. வரிக் கணக்கில் பெற்றோரைச் சார்ந்த பிள்ளையாக இருந்தால் கல்லூரி விரும்பினால் தகவல் தரலாம். தந்தே தீர வேண்டும் என்பதில்லை. பேராசிரியரைத் தொலைபேசியில் அழைத்து, 'என் பையன் எப்படிப் படிக்கிறான்?' என்று கேட்டால், 'அவரையே கேளுங்கள்' என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். இதை அவமதிப்பாகக் கொள்ள வேண்டாம். வகுப்பில் விவாதிக்கப்படும் நூல்களும் திரைப்படங்களும் வயதுவந்தோருக்கு உரியவையாக இருக்கலாம். பள்ளி மாணவர் அமர்ந்திருக்கிறார் என்பதற்காக அவை மாற்றப்படுவதில்லை. இதைப் பதிவுக்கு முன்பே பெற்றோரும் பிள்ளையும் அமர்ந்து பேசிக்கொள்வது நலம்.

முன்பு 'கணக்குப்படி' என்ற சொல்லை அழுத்தியதற்கான காரணத்துக்கு இப்போது வரலாம். கிரெடிட் மாற்றப்படுவது வேறு, பயன்படுவது வேறு. அரசுப் பல்கலைக்கழகங்கள் தம் மாநிலத்துச் சமூகக் கல்லூரிப் பாடங்களைப் பெரும்பாலும் ஏற்கின்றன. புளோரிடாவிலும் டெக்சாஸிலும் பாட எண்களையே பொதுவாக்கி வைத்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்கு ஈடு என்று பார்க்க அசிஸ்ட் என்ற பொது இணையத்தளமே உள்ளது. வெளிமாநிலத்துத் தனியார் பல்கலைக்கழகங்கள் பலவும் அப்படியல்ல. பள்ளிக் கட்டடத்தில் நடந்த பாடம் என்றாலோ, பள்ளிச் சான்றிதழுக்காக ஏற்கெனவே எண்ணப்பட்ட பாடம் என்றாலோ அவை கிரெடிட் தர மறுப்பதுண்டு. அத்தகைய இடங்களுக்கு ஏ.பி. தேர்வு நாடு முழுவதும் ஒரே அளவுகோல் என்பதால் சற்று வசதியானது. ஆனால் ஏ.பி. பாடத்தில் ஓராண்டு உழைப்பும் மே மாதத்து ஒரு காலைப்பொழுதுத் தேர்வில் தொங்குகிறது. கல்லூரிப் பாடத்தில் பருவம் முழுவதும் பரவி நிற்கிறது. தேர்வறையில் கை நடுங்கும் பிள்ளைக்கு எது ஏற்றது என்று தாய்க்குத் தெரியும்.

ஏற்றுக்கொள்ளப்பட்ட கிரெடிட்டும் விருப்பப் பாடமாக மட்டும் ஏறினால் காலம் குறையாது. பொறியியல் படிப்பு ஒரு சங்கிலி. முதல் கால்குலஸ் முடித்தால்தான் அடுத்தது. அது முடிந்தால்தான் இயற்பியல். இயற்பியல் முடிந்தால்தான் துறைப் பாடங்கள். மென்பொருள் திட்டப் பணிகளில் இருப்பவர்களுக்கு இது புதிதன்று. எந்த வேலை முடியாமல் அடுத்த வேலை தொடங்காதோ, அந்த வேலையைச் சுருக்கினால்தான் முடிவு நாள் முன்னே வரும். சங்கிலிக்கு வெளியே முப்பது கிரெடிட் சேர்த்து வைத்துக்கொண்டு, பொறியியலில் நான்கு ஆண்டுகளும் இருக்க நேர்ந்த பிள்ளைகள் உண்டு. அது வீண் என்று சொல்ல முடியாது. பருவச் சுமை இலகுவாகும், இரண்டாவது துறை ஒன்றைச் சேர்த்துப் படிக்கலாம். ஓராண்டு மிச்சம் என்று கனவு கண்டவர்களுக்கு மட்டும் ஏமாற்றம்.

ஆகவே எந்தப் பாடம் என்பதே முதற்கேள்வி. ஆங்கிலக் கட்டுரைப் பாடம் ஏறக்குறைய எல்லாப் பட்டங்களுக்கும் தேவைப்படுவது. முதல் பாடமாக எடுக்கத் தகுந்தது. சிவப்பு மையால் நிரம்பித் திரும்பி வரும் முதல் கட்டுரை, 'நான் எப்போதும் ஏ வாங்குபவள்' என்ற எண்ணத்தை மெல்லக் கலைத்துவிட்டு எழுதக் கற்றுத் தரும். மேடைப்பேச்சு, புள்ளியியல், நிரலாக்க அறிமுகம் ஆகியவையும் நல்ல தொடக்கம். பள்ளியின் கணிதம் பதினொன்றாம் வகுப்பிலேயே தீர்ந்துவிட்ட பிள்ளைகளுக்குப் பன்மாறிக் கால்குலஸ், நேரியல் இயற்கணிதம் ஆகியவற்றைக் கல்லூரியன்றி வேறெங்கும் எடுப்பது அரிது. ஏ.பி. பாடங்கள் குறைவாக உள்ள சிறு ஊர்ப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கோ இது ஒன்றே வழி. மருத்துவம் கருதும் பிள்ளைகள் மட்டும் வேதியியல், உயிரியல் போன்ற அடிப்படைப் பாடங்களை அவசரப்பட்டு இங்கே முடித்துவிடாமல் இருப்பது நல்லது. அவற்றை நான்காண்டுக் கல்லூரியில் எடுத்திருப்பதை விரும்பும் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. தொழில்நுட்பப் பாடங்களையும் ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை. அவசர மருத்துவ உதவியாளர் பயிற்சி எடுத்த மாணவி, தான் மருத்துவத்துக்கு ஏற்றவளா என்பதை எந்த ஆலோசகரையும்விட விரைவில் அறிந்துகொள்வாள்.

இன்னொரு செய்தி, எச்-4 விசாவில் வளரும் பிள்ளைகளுக்கு உரியது. சென்னையிலோ மதுரையிலோ பிறந்து, இரண்டு வயதில் இங்கு வந்து, ஆங்கிலத்தில் கனவு காணும் பிள்ளைகள் இவர்கள். இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வேலைவாய்ப்பு வழிப் பச்சை அட்டை வரிசை பத்தாண்டுகளையும் தாண்டி நீள்கிறது. கூட்டரசின் பெல் உதவித்தொகையும் மாணவர் கடனும் எச்-4 பிள்ளைகளுக்குக் கிடையா. இருபத்தொரு வயதில் அந்த விசாத் தகுதியும் முடிந்துவிடுகிறது. 2002-இல் இயற்றப்பட்ட குழந்தைகள் தகுதிப் பாதுகாப்புச் சட்டம் சிலரைக் காக்கிறது, எல்லோரையும் காப்பதில்லை. இந்நிலையில் உள்ள குடும்பத்துக்கு, அரசுப் பள்ளி வழியே கட்டணமின்றிக் கிடைக்கும் ஒவ்வொரு கிரெடிட்டும் இரட்டிப்பு மதிப்புடையது. எச்-4 விசாவில் படிப்பதற்குத் தடையில்லை; இரட்டைச் சேர்க்கையில் அந்தந்த மாநிலம் குடியேற்ற நிலையைக் கருதுகிறதா என்பதைப் பள்ளியிலும் கல்லூரியிலும் எழுத்து மூலம் கேட்டுப் பெற வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட்டுப் பின்தங்கும் குடும்பங்களுக்குத் துணை நிற்பது தமிழ் அமைப்புகளின் கடமை. மேடை போட்டு ஆடுவதும் பாடுவதும் தேவைதான்; ஆண்டுக்கு ஒருமுறை விண்ணப்பப் படிவத்தோடு இரண்டு தன்னார்வலர்கள் ஒரு மேசையில் அமர்ந்திருந்தால் அதுவும் தமிழ்த் தொண்டே.

பள்ளி ஆலோசகர் எல்லாவற்றையும் தானாகச் சொல்வார் என்று காத்திருப்பது பயன் தராது. ஓர் ஆலோசகருக்கு 250 மாணவர்கள் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. பல மாநிலங்களில் அதைவிட மிகுதியான மாணவர்களை ஒருவரே கவனிக்கிறார். அவர் மீது குறை சொல்வதற்கில்லை. கேட்கும் பிள்ளைக்கு அவர் நேரம் ஒதுக்குவார். கேட்காத பிள்ளை நன்றாக இருப்பதாக எண்ணிக்கொள்வார்.

இளையோர்களே, சில சொற்கள் உங்களுக்கு மட்டும். கல்லூரி வகுப்பில் அமரும்போது பள்ளியில் சிலவற்றை இழக்க நேரும். இசைக்குழுப் பயிற்சி, மதிய உணவு மேசை, வெள்ளிக்கிழமை ஆட்டம். பள்ளி விடுமுறையும் கல்லூரி விடுமுறையும் ஒத்துவராத வாரங்கள் வரும். வகுப்பில் உங்கள் வயதினர் எவருமின்றித் தனிமை தோன்றலாம். ஓட்டுநர் உரிமம் இல்லாதவரை யாராவது கொண்டுவிட வேண்டும். இவற்றுக்கெல்லாம் சேர்த்தே விருப்பமா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். விருப்பமில்லை என்றால் அதை வீட்டில் சொல்லுங்கள். அது சோம்பல் ஆகாது. விருப்பம் என்றால், பதிவை உங்கள் மின்னஞ்சல் முகவரியில் நீங்களே செய்யுங்கள், கட்டுரையைச் செயற்கை நுண்ணறிவிடம் எழுதச் சொல்லாதீர்கள். கல்லூரியின் ஒழுங்கு நடவடிக்கைக்குப் பள்ளி மாணவர் என்ற சலுகை கிடையாது.

கோடையில் ஒரே ஒரு பாடத்தோடு தொடங்குவது பலருக்கும் ஒத்துவருகிறது. கோடைப் பாடத்துக்கு அரசுச் சலுகை உண்டா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். இலையுதிர் பருவத்தில் சேர வேண்டுமானால், பத்தாம் வகுப்பின் பிப்ரவரி, மார்ச் மாதங்களிலேயே பள்ளி ஆலோசகரைப் பார்த்தாக வேண்டும். அவரிடம் கேட்க வேண்டியவை: இந்தப் பாடம் பள்ளிச் சான்றிதழில் எந்தத் தேவையை நிறைவு செய்கிறது, மதிப்பெண் பள்ளி ஜி.பி.ஏ.வில் எவ்வாறு ஏறும், பெற்றோரும் ஆலோசகரும் கையெழுத்திட வேண்டிய படிவம் எது, கடைசி நாள் எது. கல்லூரியில் கேட்க வேண்டியது, பாடத்தை விடுவதற்கான நாட்கள். பிள்ளை சேர விரும்பும் பல்கலைக்கழகத்தில் கேட்க வேண்டியது, இந்தக் கிரெடிட் எந்தத் தேவைக்கு ஏறும் என்பது. மூன்று இடங்களிலும் பிள்ளையே கேட்கட்டும். அம்மாவோ அப்பாவோ காரில் காத்திருக்கலாம்.

இனி உங்கள் கேள்விகள். இளையோர் முதலில்.